பங்கர் விளையாட்டு

றெஜினா ரீச்சர் இன்றைக்கு என்னைக் கொட்டிலுக்குள் விடவில்லை. "மலரக்கா, இண்டைக்கு நீங்கள் அந்தத் தண்ணித் தாங்கியடியில இருங்கோ, நான் கூப்பிடேக்க வந்தால் காணும்," என்று சொல்லிக்கொண்டே, என் கழுத்தைக் கட்டியிருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள், அவசரமில்லாமல், சிரித்துக்கொண்டு, பலாப்பழத்தில் சுளை எடுக்கிறவளைப்போல. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த முகாமில் சிரிக்க என்ன கிடக்கிறது? எழில் அழவில்லை. அழுதிருந்தால் நான் திரும்பிப்போய்ப் பறித்துக்கொண்டு வந்திருப்பேன், இந்த ரீச்சரும் வேண்டாம் இவளின் பால்மாவும் வேண்டாம் என்று எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் போய்ப் படுத்திருப்பேன். ஆனால் என் பிள்ளை அழாது. என்னை ஒருதரம் பார்த்தாள், கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்தாள், போய்விட்டாள். இப்போது நான் கறுப்புத் தாங்கியின் சீமெந்துக் கட்டில் குந்தியிருக்கிறேன். நிழல் ஒரு சாண் அகலம்தான். காலை இழுத்தால் தோள் வெயிலில், தோளை ஒடுக்கினால் கால் வெயிலில். போகட்டும், வெயில் விழுந்து ஒருவரும் செத்ததில்லை. உள்ளே கைதட்டுகிறார்கள். பாட்டு. எழில் எங்கே இருப்பாள், ஓரத்திலா, நடுவிலா? நடுவில் இருக்கக்கூடாது, ஓரமாக, மண்ணோடு மண்ணாக ஏதும் மறைப்பு இருக்கிற பக்கமாக இருக்கவேண்டும், அதைச் சொல்லி அனுப்ப மறந்துபோனேன். விசர் எனக்கு, இப்போது எதற்கு மறைப்பு? செல் இல்லை. செல் வந்து விழுந்து வெடிக்கிறதில்லை என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லவேண்டியிருக்கிறது, காது நம்பவில்லை.

கொட்டில் என்று நாங்கள் சொல்கிறோம். அவர்கள் பலகையில் சிறுவர் நேய வெளி என்று எழுதியிருக்கிறார்கள், பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி, மேலே சூரியன், சூரியனுக்குக் கண்ணும் வாயும். வன்னி வெயிலுக்குள் நடந்துவந்த ஒருவன் சூரியனுக்கு வாய் கீறிச் சிரிக்க வைப்பானா? வெளியாம். சுற்றிவர முள்ளுக்கம்பி, கம்பிக்கு அங்கால் வெட்டிப்போட்ட காடு, காட்டு ஓரத்தில் துவக்கோடு நிற்கிற ஆமிக்காரன். அவன் பார்க்கிற பார்வைக்கு இந்தப் பக்கம் முழுவதும் ஒரு வெளிதான். பலகை நட்ட கிழமை கொழும்பிலிருந்து ஒருத்தி வந்தாள், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நல்ல தமிழ். தாய்மாரைப் பாயில் இருத்திவைத்து, "அஞ்சு வயசுக்குள்ளதான் பிள்ளையின்ர மூளை கூடுதலா வளருது. அந்த நேரம் பிள்ளையோட கதையுங்கோ, பாடுங்கோ, பயமில்லாத சூழலை உண்டாக்கிக் குடுங்கோ," என்றாள். நான் கையை உயர்த்தினேன். "பயமில்லாத சூழல் எந்த லொறியில வருது மிஸ்? பருப்பு வாற லொறியிலயோ, தண்ணி பவுசரிலயோ?" பெண்டுகள் சிரித்தார்கள். அவளும் சிரித்து, "நல்ல கேள்வி," என்றாள். நல்ல கேள்வி என்கிறவர்களிடம் மறுமொழி இருக்காது. என் பிள்ளையின் மூளை எப்படி வளர்ந்தது என்று அவளுக்கு என்ன தெரியும்? பூனை என்று சொல்ல முதல், பதுங்குகிற குழியைக் காட்டிப் பங்கர் என்று சொன்ன பிள்ளை. போகிற செல்லுக்கு ஒரு சத்தம், வருகிற செல்லுக்கு வேறு சத்தம், மழலை மாறாத வாயால் சரியாகப் பிரித்துச் சொல்வாள், "இது போறது அம்மா," என்று. நான் சோற்றுப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், போறதா வாறதா. ஒருதரமும் அவள் பிழை விட்டதில்லை. அந்த மூளையை எந்தப் பாட்டால் வளர்க்கப் போகிறார்கள், தாம் தீம் என்று கைதட்டியா?

இந்த ரீச்சரின் முதல் முறைப்பாடு பிள்ளையின் குரலைப் பற்றித்தான். "எழில் வடிவாக் கதைக்கிறாள் அக்கா, ஆனா எல்லாத்தையும் இரகசியம் மாதிரித்தான் கதைக்கிறாள். சத்தம் வருதில்லை. பாட்டுக்கும் வாயைத்தான் அசைக்கிறாள்." ஒரு நோயைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு உச்சிக்கு ஏறியது. அந்தக் குசுகுசுப்பை நான் எப்படிப் பழக்கினேன் என்று இவளுக்குத் தெரியுமா? மேலே வண்டு இரைந்துகொண்டு நிற்கும், ஆள் இல்லாத அந்த விமானத்தைத்தான் நாங்கள் வண்டு என்போம், அதற்குக் காது இல்லை என்று ஆம்பிளைகள் சொல்வார்கள், இருந்தாலும் நம்பவேண்டுமா? பிள்ளையின் வாயைப் பொத்திப் பொத்தி, பிறகு விரலைக் காட்டினாலே அடங்கும், பிறகு கண்ணைப் பார்த்தாலே அடங்கும். நீரேரியைக் கடந்தபோது கழுத்தளவு தண்ணீருக்குள் ஆரோ ஒருத்தியின் கைக்குழந்தை கத்தியது, வாயைப் பொத்து, வாயைப் பொத்து என்று முன்னாலும் பின்னாலும் ஆட்கள் பல்லைக் கடித்தார்கள், என் எழில் மட்டும் மூச்சுச் சத்தமும் இல்லாமல் என் தோளில் கிடந்தாள். கரைக்கு வந்த பிறகு முன்பின் அறியாத ஒரு மனிசன் அவளின் தலையைத் தடவி, கெட்டிக்காரி, நீ கத்தியிருந்தால் நாங்கள் இல்லை, என்றார். அன்றைக்குக் கெட்டிக்காரி. இன்றைக்குக் குறையுள்ள பிள்ளை. கம்பிக்கு இந்தப் பக்கம் வந்தவுடன் எல்லாக் கணக்கும் தலைகீழாகிவிட்டது. அவளின் தகப்பனை அந்தக் கரையில்தான் ஆமிச் சோதனையில் பிரித்து வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவரும் சத்தம் போடவில்லை. பஸ் கண்ணாடிக்குள்ளால் கையை மட்டும் காட்டினார், அதையும் பாதிதான் உயர்த்தினார்.

பைப்படிக்கு வந்த பரிமளம் வாளியை வைத்துவிட்டு, "பிள்ளையை விட்டிட்டு இருக்கிறீரோ? நல்லதுதானே, கை கால் கொஞ்சம் ஆறும்," என்றாள். இவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் முழுசாக இருக்கின்றன, புருசனும் இருக்கிறான், அவனோடு ஒவ்வொரு நாளும் சண்டையும் பிடிக்கிறாள். என்ன புண்ணியம் செய்தாளோ. "எனக்கு ஆறத் தேவையில்லை," என்றேன். வாளி நிரம்பினதும் தலையைத் திருப்பிக்கொண்டு தூக்கினாள். போனாள். இப்படித்தான் ஒவ்வொருவராக என்னை விட்டு விலகுகிறார்கள், விலகட்டும். என் கை என்னவோ செய்கிறது. மடி வெறுமையாகக் கிடக்க, கைக்கு என்ன செய்கிறதென்று தெரியவில்லை, சட்டை நுனியைச் சுருட்டுகிறது, விரிக்கிறது. இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து என் உடம்பை விட்டு இவ்வளவு நேரம், இவ்வளவு தூரம் போனதில்லை. தூரமா? இருபது அடி வராது. ஆனால் நடுவில் ஒரு தறப்பாள், அதற்கு அங்கால் நடக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது. அவள் மூத்திரத்துக்குக் கேட்டால்? குசுகுசுத்தால் அந்த இரைச்சலில் ஆருக்குக் கேட்கும்? நான் முதல் வாய் கடித்துக் காட்டாமல் அவள் ஒன்றும் தின்னமாட்டாளே. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடுவாள். தேடட்டும், தேடி அழட்டும், அப்போது இந்த ரீச்சர் வந்து என்னைக் கூப்பிடட்டும், நான் உடனே எழும்பமாட்டேன், நிற்க வைத்துத்தான் எழும்புவேன்.

கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் கூப்பிடுகிறாளில்லை. நேற்று நான் சொன்னதற்குப் பழி தீர்க்கிறாள். நேற்று பிள்ளைகள் போனபிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல், "எழிலுக்கு அண்ணா இருக்கிறாரோ அக்கா?" என்று கேட்டாள். "இருக்கிறான். காயக்காரரை ஏத்தின கப்பல்ல போனவன், சித்தப்பாவோட." எழிலுக்கு நான் சொல்லி வைத்ததும் அதுதான், ஒரு சொல்லும் மாறாது. "ஓம், அவளும் அப்பிடித்தான் சொன்னவள்," என்றாள் ரீச்சர். "இப்ப அண்ணாவைக் கேக்கிறவளோ?" முதலில் கேட்டவள், பிறகு கேட்கிறதில்லை, சின்னப் பிள்ளை, மறந்துபோனாள் என்றேன். அதற்கு இவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "தெரியாத பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும் அக்கா. தெரிஞ்ச பிள்ளைதான் கேக்கிறதை விடும்." "உமக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன். நோகவேண்டும் என்றுதான் கேட்டேன். "எனக்கொண்டும் இல்லை," என்றாள், மற்றக் கோப்பையை எடுத்தாள். சட்டைக் கை விலகி, முழங்கையிலிருந்து மேலே எரிந்து சுருங்கின தோல் தெரிந்தது. அவளும் மன்னாரிலிருந்து ஓடி ஓடி எங்களோடுதான் கடைசியில் எல்லாரும் ஒதுங்கின அந்தக் கடற்கரைக்கு வந்தவள், அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் வெறுப்புக் குறையவில்லை, கூடினது. எரிந்த கையோடு எப்படி இவளால் தாம் தீம் போட முடிகிறது? ஆர் இவளுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது, என் வீட்டுக்குள் கையை விட்டு, நான் மூடி வைத்ததைத் திறந்து பார்க்க?

எழில் பார்க்கவில்லை. இதை நான் எத்தனையோதரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பங்கர் சின்னது, கடல்மண், தோண்டத் தோண்டச் சரியும், என் கூறைச் சேலையையும் கிழித்துத் தைத்து மண் நிரப்பித்தான் அணை கட்டினோம். சத்தம் கேட்டால் மூத்தவன் பருதி தங்கச்சியை உள்ளே தள்ளிவிட்டு, என்னையும் விட்டு, கடைசியாகத்தான் வருவான். ஏழு வயது. சொல்லிக் கொடுத்ததில்லை, அவனே அப்படிப் பழகிக்கொண்டான். அன்றைக்கும் எழில் என் வயிற்றுக்குக் கீழே, முகம் மண்ணில், அவளுக்கு மேலே நான். வாசலில் விழுந்தது. புகை. மண். பருதி ஒன்றும் சொல்லவில்லை. அவனின் ஒரு கை உள்ளே வந்திருந்தது. நான் எழும்பி முதலில் செய்த வேலை, தகப்பன் இடுப்பில் உடுக்கிற சாரத்தை இழுத்து அவனைத் தலையோடு மூடினதுதான், பிறகுதான் எழிலைத் தூக்கினேன். அதனால் அவள் பார்க்கவில்லை. ஓரமாக மண்ணைக் கிண்டி வைத்தபோதும் அவளைப் பக்கத்துப் பங்கர்க்காரர் வைத்திருந்தார்கள், அதையும் பார்க்கவில்லை. செல் கிட்டக் கிட்ட வந்தது, முழுதாய் மூடவும் விடவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பாராமல் ஓடினேன். எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன், திரும்பிப் பாக்கக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது. நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. சுண்டங்காய் அளவு பிள்ளை, அதற்கு என்ன விளங்கும்? அண்ணா கப்பலில் போய்விட்டார் என்றேன், ஓம் என்றாள். அவ்வளவுதான். இதில் ரீச்சருக்கு என்ன வேலை?

டும் என்று தகரத்தில் ஒரு சத்தம். உடம்பு தானாகத் தரையில் விழுந்துவிட்டது. கன்னத்தில் ஈரச் சேறு, பைப்படிச் சேறு. பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிள்ளைகளின் சிரிப்பு, திரும்பவும் டும். கொட்டிலுக்குள்ளிருந்துதான். ஆரோ தகரத்துக்கு அடிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு குரல். "படுங்கோ. எல்லாரும் படுங்கோ. தலையை நிமித்தினால் வெட்டுவன்." என் குரல். என் வாய் திறக்கவில்லை, ஆனால் குரல் என்னுடையது, அதே இழுப்பு, அதே வெட்டுவன். நான் எழும்பித் தறப்பாளில் கிழிந்திருந்த இடத்தில் கண்ணை வைத்தேன். பிள்ளைகள் இருக்கிற இரண்டு வாங்குகளை எதிர் எதிராக இழுத்து மேலே பாய் போட்டிருக்கிறார்கள். அதற்குள் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வாசலில் எழில் நிற்கிறாள், இடுப்பில் கை, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். ரீச்சர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து பார்க்கிறாள், தடுக்கிறாளில்லை. "இன்பன், நீதான் அண்ணா. நீ வாசல்ல படு." அந்தப் பொடியன் உள்ளே வரப்போகிறான் என்று அடம்பிடித்தான். "அண்ணா கடைசியாத்தான் வாறவர்," என்றாள் எழில். "நீ கையை மட்டும் உள்ளுக்க வை." டும். பொடியன் சரிந்தான். எழில் முகம் துடைக்கிற துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவனைத் தலையோடு மூடினாள். துவாய் கட்டை, கால் வெளியே நின்றது. அவள் குனிந்து பார்த்து, "கால் தெரியட்டும். அது நீளம் காணாதுதான்," என்றாள். அன்றைக்குச் சாரமும் கால்வரைக்கும் எட்டாமல்தான் போனது. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிறகு பக்கத்தில் கிடந்த சின்னப் பெட்டை ஒன்றை இழுத்து எழுப்பி, "வாங்கோ போவம், திரும்பிப் பாக்கக்கூடாது," என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே அவள் மட்டும் கழுத்தைத் திருப்பித் துவாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறினது. தோளில் போட்ட பிள்ளைக்கு முகம் பின்பக்கம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் போகும் வழி முழுவதும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. வாசல் பாய் கிழிந்தது மட்டும் தெரியும். ரீச்சரின் எரிந்த கையைத்தான் பிடித்தேன், பிடித்து உலுக்கினேன். "இதைத்தானோ படிப்பிக்கிறீர்? என்ர பிள்ளையை வைச்சுக் கூத்தோ காட்டுறீர்?" அவளுக்கு நொந்திருக்கும், முகம் சுருங்கியது, ஆனால் கையை இழுக்கவில்லை. "நான் படிப்பிக்கேல்லை அக்கா. நேற்று நீங்கள் தண்ணிக்குப் போன நேரம் அவளாத் தொடங்கினவள். முந்தநாளும் தொடங்கினவள். நீங்கள் வாறதைக் கண்டு நிப்பாட்டிப்போட்டாள், பாயையும் அவளே மடிச்சு வைச்சவள். அதுக்குத்தான் உங்களை அங்கால இருக்கச் சொன்னனான்." நான் அடிக்கக் கையை ஓங்கினேன். அடித்திருப்பேன். அதற்கிடையில் கொட்டில் முழுக்க அடங்கிப்போனது, பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, எழிலும் நிற்கிறாள். அவளின் முகத்தில் இருந்த ஆள் போய்விட்டது. கழுத்து உள்ளே போனது. மெல்ல வந்து என் சட்டை நுனியைப் பிடித்து, அந்தப் பழைய குசுகுசுப்பில் சொன்னாள்: "அண்ணா கப்பல்ல போட்டார் அம்மா. பயப்பிடாதேங்கோ."

ஓங்கின கை எப்போது கீழே வந்தது? நான் நிலத்தில் இருந்தேன். எவ்வளவு காலமாக இந்தப் பிள்ளை எனக்காக அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கிறது? நான் அவளுக்குச் சொன்னேன் என்று நினைத்தேன், அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ரீச்சரின் முன்னால் சொல்லக்கூடாது என்று ஒரு வீம்பு, இவளின் முன்னால் தோற்கக்கூடாது என்று. பிறகு சொன்னேன். "இல்லைக் குஞ்சு. கப்பல்ல போகேல்லை. அண்ணா செத்திட்டார்." எழில் என் முகத்தைப் பார்த்தாள், போறதா வாறதா என்று செல்லுக்குக் காது கொடுக்கிறபோது பார்க்கிற பார்வை. "ஓம்," என்றாள். பிறகு, "மண் போட்டனீங்களோ?" என்றாள். போட்டேன் என்றேன். "கண்ணுக்குள்ள போயிருக்கும்." இல்லை, மூடிப்போட்டுத்தான் போட்டேன் என்றேன். "காலுக்கு?" காலுக்கும் போட்டேன் என்றேன், முழுக்க மூட நேரம் காணாமல் போனதையும் சொன்னேன், சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தத்தோடு, மாடு கத்துவதுபோல, அவ்வளவு பிள்ளைகளுக்கும் நடுவில். எழில் பயந்துபோய்ச் சுற்றிவரப் பார்த்தாள். ரீச்சர் கிட்ட வரவில்லை. வந்திருந்தால் தள்ளிவிட்டிருப்பேன்.

துவாய்க்குக் கீழேயிருந்து இன்பன் கேட்டான்: "எழில், நான் எழும்பட்டோ? பால் குடுக்கினம்." எழில் யோசித்தாள். "எழும்பு," என்றாள். அவன் துவாயை உதறி எறிந்துவிட்டு ஓடினான், மற்றப் பிள்ளைகளும் வாங்குகளுக்குள்ளால் புரண்டு எழும்பி ஓடினார்கள், பாய் சரிந்து என் தோளில் விழுந்தது. நான் அதற்குள்ளேயே இருந்தேன். மூக்கைச் சட்டையில் துடைத்தேன். ரீச்சரை நான் மன்னிக்கவில்லை. நாளைக்கும் இவள் சிரித்துக்கொண்டுதான் நிற்பாள், நாளைக்கும் எனக்கு ஆத்திரம் வரும், அந்தக் கொழும்புக்காரிமேலும் வரும், வண்ணத்துப்பூச்சி கீறினவன்மேலும் வரும், துவக்கோடு நிற்கிறவன்மேல் நான் சாகும்வரை வரும். அங்கே பால் அண்டாவடியில் ஏதோ சண்டை. எழிலின் கோப்பையை ஆரோ தட்டிவிட்டார்கள் போல. "அது என்ர! எனக்கு இன்னும் வேணும், என்ர கோப்பையை நிரப்புங்கோ," என்று முழுத் தொண்டையில் கத்துகிறாள், கொட்டில் தகரம் அதிருகிறது. கம்பிக்கு அங்கால் நின்றவன் துவக்கைத் தோள் மாற்றிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.